அப்பலாச்சிய மலைகளின் மூன்ஷைன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்ஷைன் என்பது எது?

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் நீண்டு கிடக்கும் அப்பலாச்சிய மலைத்தொடரின் தென்பாதியில், அதாவது வர்ஜீனியா, வட கரோலினா, டென்னசி, கென்டக்கி, ஜார்ஜியா ஆகிய மாநிலங்களின் மலைப்புறங்களில், உரிமம் பெறாமலும் வரி கட்டாமலும் மக்காச்சோளத்திலிருந்து வடித்த சாராயத்துக்கு வழங்கும் பெயர் மூன்ஷைன். ஓக் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் முதிரவைக்கும் வழக்கம் இதில் இல்லை. அதனால் விஸ்கிக்கு உரிய பழுப்பு நிறம் ஏறாமல் தண்ணீரைப் போலத் தெளிந்திருக்கும். தமிழில் கள்ளச்சாராயம் என்று சொல்லிவிடலாம், தவறில்லை. ஆனால் அந்தச் சொல்லில் உள்ள ‘கள்ள’ என்பது இங்கே சரக்கைக் குறிப்பதன்று, கட்டாமல் விட்ட வரியைக் குறிப்பது. அதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வருபவை எளிதில் விளங்கும்.

நிலவொளியில் காய்ச்சியதால் இந்தப் பெயர் வந்ததா?

இரவில் செய்யும் திருட்டு வேலை என்ற பொருளில் வந்த சொல்தான். ஆனால் அப்பலாச்சியாவில் பிறந்த சொல் அன்று. இங்கிலாந்தில் 1785இல் வெளிவந்த ஒரு கொச்சைச் சொல் அகராதியிலேயே, கென்ட், சசெக்ஸ் கடற்கரைகளில் கடத்தி இறக்கப்பட்ட வெள்ளைப் பிராந்திக்கு இந்தப் பெயர் குறிக்கப்பட்டிருக்கிறது. மலைமக்கள் தம் பேச்சில் ‘சோளச் சாராயம்’ என்றோ, முற்றுகையைத் தாண்டி வந்த சரக்கு என்ற பொருளில் ‘பிளாக்கேட்’ என்றோதான் பெரும்பாலும் சொன்னார்கள். ‘வெள்ளை மின்னல்’, ‘மலைப்பனி’ என்ற செல்லப் பெயர்களும் உண்டு. வரி அலுவலர்களை அவர்கள் அழைத்த பெயர் ‘ரெவின்யூவர்’. அதைச் செல்லப் பெயர் என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த மலைகளில் இந்தத் தொழில் ஏன் வேரூன்றியது?

குடிப்பழக்கம் என்று ஒரே சொல்லில் விடை சொல்பவர்கள் நிலத்தையும் பாதையையும் பார்க்கத் தவறுகிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிலிருந்து ஸ்காட்லாந்து வம்சாவளியினர் திரளாகக் குடியேறி, சமவெளியில் நல்ல நிலங்கள் முன்னரே பிறர் கைக்குப் போய்விட்டபடியால், உள்நாட்டு மலைப் பள்ளத்தாக்குகளுக்குச் சென்றனர். தானியத்தை வடிக்கும் கைத்திறன் அவர்களோடு வந்தது. புதிய மண்ணில் அவர்களுக்குப் பழக்கமான பார்லியைவிட, அமெரிக்கப் பழங்குடியினரின் பயிரான மக்காச்சோளம் செழித்து வளர்ந்தது.

விளைந்ததை விற்பதுதான் சிக்கல். ஒரு பொதிக்குதிரை மலைப்பாதையில் ஏறத்தாழ 4 புஷல் (ஒரு முகத்தல் அளவு) தானியத்தைத்தான் சுமக்கும். அதே குதிரை சாராயமாகச் சுமந்தால் ஏறத்தாழ 24 புஷல் தானியத்தின் பயனைச் சுமந்துவிடும். தானியம் மழையில் பூசணம் பிடிக்கும், எலி தின்னும். சாராயம் கெடாது, காசுக்கும் மாறும், காசில்லாத ஊரில் காசாகவே செல்லும். உப்புக்கும் இரும்புக்கும் சாராயத்தைக் கொடுத்து வாங்கிய குடியானவனுக்கு, சாராயம் வடிக்கும் சாதனமான ‘வாலை’, ஏரைப் போலவே ஒரு பண்ணைக் கருவியாக இருந்தது.

அரசோடு பகை எப்போது தொடங்கியது?

1791இல். விடுதலைப் போரின் கடனை அடைக்க வழி தேடிய நிதி அமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் திட்டப்படி, உள்நாட்டில் வடிக்கப்படும் மதுவுக்கு வரி விதிக்கப்பட்டது. பெரிய வடிசாலைகளுக்கு எளிதாகவும் சிறு குடியானவருக்குப் பாரமாகவும் அமைந்த அந்த வரியை ரொக்கமாகக் கட்டவேண்டியிருந்தது. ரொக்கமோ மலைப்புறத்தில் அரிது. 1794இல் பென்சில்வேனியாவின் மேற்குப் பகுதியில் எதிர்ப்பு கலவரமாக வெடித்து, வரி ஆய்வாளர் ஜான் நெவிலின் வீடு எரிக்கப்பட்டபோது, குடியரசுத் தலைவர் வாஷிங்டன் ஏறத்தாழ 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டினார். படை வந்து சேர்வதற்குள் கலவரக்காரர்கள் கலைந்துவிட்டனர். 1802இல் அந்த வரி நீக்கப்பட்டது.

அதன்பின் இடையில் சில ஆண்டுகள் தவிர, வடிப்பவரை யாரும் தொந்தரவு செய்யவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். உள்நாட்டுப் போருக்குப் பணம் வேண்டி 1862இல் மதுவரி திரும்ப வந்தது. கேலனுக்கு 20 சென்ட்டில் தொடங்கிய அது, போர் முடிவதற்குள் 2 டாலராக ஏறிவிட்டது. போரில் தோற்ற தென்பகுதிக்கும் அது பொருந்தியது. பாட்டன் காலத்திலிருந்து வெளிப்படையாக நடந்த வேலை ஒரே சட்டத்தால் குற்றமானதை மலைமக்கள் ஏற்கவில்லை. 1876 முதல் 1883 வரை உள்நாட்டு வருவாய்த் துறை ஆணையராக இருந்த கிரீன் ராம் ஆயுதம் தாங்கிய குழுக்களை மலைக்கு அனுப்பினார். இரு பக்கமும் உயிர்கள் போயின. வட கரோலினாவில் 1876இல் ஒரு துணை மார்ஷலைச் சுட்டுக்கொன்ற லூயிஸ் ரெட்மண்ட் பல ஆண்டுகள் பிடிபடாமல் திரிந்து, பிடிபட்டுச் சிறையிருந்து, 1884இல் குடியரசுத் தலைவர் ஆர்தரின் மன்னிப்பைப் பெற்று, கடைசியில் உரிமம் பெற்ற ஒரு வடிசாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்துச் செய்தித்தாள்கள் அவரை வீரராக்கின. இறந்த அலுவலருக்கும் குடும்பம் இருந்தது என்பதை அவை அவ்வளவாக எழுதவில்லை.

எப்படிக் காய்ச்சினார்கள்?

அளவுகளைச் சொல்லாமல் முறையை மட்டும் சொல்கிறேன். முதல் வேலை முளைகட்டுதல். ஒரு பங்கு மக்காச்சோளத்தை நனைத்த சாக்கில் கட்டி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, முளை விட்டதும் காயவைத்து அரைப்பார்கள். முளைத்த தானியத்தில் உண்டாகும் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் என்ற வேதியியல் அவர்களுக்குத் தெரியாது; முளைமாவு போடாத கஞ்சி இனிக்காது என்பது தெரியும். மீதித் தானியத்தை மாவாக்கிக் கொதிநீரில் கஞ்சியாகக் கிண்டி, ஆறியபின் முளைமாவைச் சேர்த்துப் பீப்பாயில் விடுவார்கள். இதுதான் ஊறல்.

சில நாட்களில் ஊறல் பொங்கி, மேலே கனத்த ஆடை படரும். ஆடை கலைந்து அடியில் இறங்கும்போது இனிப்புப் போய்ப் புளிப்பேறியிருக்கும். அவர்கள் அதை ‘பீர்’ என்பார்கள். அந்தப் பதம் தவறினால், முன்பே எடுத்தால் சாராயம் குறையும், பின்பு எடுத்தால் காடியாகும். எனவே பீப்பாயின் மேல் காதை வைத்துக் கேட்பவர்களும் உண்டு: நொதிக்கும் ஊறலில் மழைத்தூறல் போல ஓர் ஒலி இருக்கும், அது அடங்கினால் வாலையேற்றும் நேரம்.

வாலை செம்பால் ஆனது. அடுப்பின் மேல் கொப்பரை, அதன் மேல் கவிழ்த்த மூடி, மூடியிலிருந்து ஆவியைக் கொண்டுபோகும் குழாய், குளிர்நீர்த் தொட்டிக்குள் சுருண்டு இறங்கும் ‘புழு’ என்னும் சுருள்குழாய் என்பவை அதன் உறுப்புகள். நேரான செம்புக் குழாயை மடங்காமல் சுருட்டுவது எளிதன்று. குழாய்க்குள் மணலைக் கெட்டித்து அடைத்து, இரு முனையையும் மூடி, ஒரு மரத்தின் அடிக்கட்டையைச் சுற்றி வளைத்து, பிறகு மணலைத் தட்டிக் கொட்டிவிடுவார்கள். மூட்டுகளில் ஆவி கசியாமலிருக்க ரை என்னும் தானியத்தின் மாவைப் பிசைந்து அப்புவார்கள். சூட்டில் அது சுட்ட ரொட்டியைப் போல இறுகிவிடும். மூட்டுகளை ஈயத்தால் பற்றவைப்பவனை நல்ல கைகாரன் என்று யாரும் மதிக்கவில்லை. அதன் காரணம் பின்னால் வருகிறது.

பழைய முறையில் முதல் வடியில் இறங்குவது வீரியம் குறைந்தது. அதைச் சேர்த்துவைத்து மறுபடியும் வடித்தால்தான் சாராயமாகும். இரண்டு வேலையை ஒன்றாக்கியது ‘தம்ப் கெக்’ என்னும் இடைப்பீப்பாய்: கொப்பரையிலிருந்து வரும் சூடான ஆவி அந்தப் பீப்பாயிலுள்ள நீர்மத்துக்குள் குமுறி வெளியேறும்போது மறுவடிப்பும் ஆகிவிடும். உள்ளே ‘தொம், தொம்’ என்று அடித்துக்கொள்வதால் அந்தப் பெயர். அமைதியான பள்ளத்தாக்கில் அந்த ஒலியே காட்டிக்கொடுத்ததும் உண்டு.

தரத்தை எப்படிச் சோதித்தார்கள்?

மூடிபோட்ட கண்ணாடிச் சாடியில் பாதியளவு சாராயத்தை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கி, மேலே எழும் குமிழிகளைப் பார்ப்பார்கள். அந்தக் குமிழிக்கு ‘மணி’ என்றே அவர்கள் மொழியில் பெயர். பெரிதாக எழுந்து சட்டென்று மறைந்தால் வீரியம் அதிகம். சிறு மணிகள் நெடுநேரம் சுற்றி நின்றால் தண்ணீர் மிகுந்தது. முதலில் இறங்கும் காரமான பங்கையும் கடைசியில் வரும் நாற்றமுள்ள பங்கையும் ஒதுக்கி, நடுவில் வருவதை எடுப்பதும், வீரியம் பார்த்து அவற்றைக் கலப்பதும் குலுக்கும் கையின் அனுபவத்தைப் பொறுத்தவை. சோதனை இருக்கும் இடத்தில் ஏமாற்றும் இருக்கும் அல்லவா? தண்ணீர் கலந்த சரக்கிலும் நல்ல மணி நிற்கும்படி எண்ணெயோ சவுக்காரக் காரமோ சேர்த்தவர்கள் இருந்தார்கள்.

சட்டத்தின் கண்ணிலிருந்து எப்படி மறைத்தார்கள்?

குளிர்ந்த ஓடைநீர் இல்லாமல் வாலை ஓடாது. ஆகவே ஓடையின் தலைப்பகுதியில், ரோடடென்ட்ரான் புதர்கள் பகலிலும் இருட்டடித்திருக்கும் மடிப்புகளில் இடம் பிடித்தார்கள். ஓடையைப் பிடித்து ஏறிப் போனால் வாலை கிடைக்கும் என்பது அலுவலருக்கும் தெரியும். நன்கு காய்ந்த கடின மரத்தை எரித்தால் புகை குறையும். பற்றவைக்கும்போது எழும் முதல் புகையை விடியுமுன் தீர்த்துவிடுவார்கள். மதுவிலக்குக் காலத்தில், மாட்டின் குளம்பைப் போலச் செதுக்கிய மரத்தைக் காலணியின் அடியில் கட்டி நடந்தவர்களும் இருந்தனர். பள்ளத்தாக்கின் வாயிலில் அந்நியர் தலை தெரிந்தால் கொம்பு ஊதியோ துப்பாக்கி வெடித்தோ மேலே சேதி சொல்லுவார்கள். வடித்தபின் எஞ்சும் மண்டியைப் பன்றிகளுக்குப் போடுவது வழக்கம். வாசனை பிடித்து வரும் பன்றி ஊறலில் விழுந்து, அலுவலரையும் வழிகாட்டி அழைத்துவரும்.

இத்தனை தந்திரங்களையும் மீறி வாலைகள் அகப்பட்டதற்குப் பெரிய காரணம் பக்கத்து வீட்டுக்காரன். வேலித் தகராறு, பழைய பகை, துப்புக்குக் கிடைக்கும் சன்மானம் ஆகியவற்றில் ஏதாவதொன்று போதும்.

ஊர் வாழ்க்கையில் இதற்கு என்ன இடம் இருந்தது?

மருந்துப் பெட்டியில் முதலிடம். மருத்துவர் ஒரு நாள் பயணத் தொலைவில் இருந்த ஊர்களில், காட்டுச் செர்ரிப் பட்டையையோ ஜின்செங் வேரையோ சாராயத்தில் ஊறவைத்து இருமலுக்கும் தளர்ச்சிக்கும் கொடுத்தார்கள். கற்கண்டு சேர்த்துச் சளிக்குக் கொடுத்தார்கள். பல் முளைக்கும் குழந்தையின் ஈறில்கூடத் தடவினார்கள். இன்றைய மருத்துவம் கடைசியாகச் சொன்னதை ஒப்புக்கொள்ளாது, ஒப்புக்கொள்ளவும் கூடாது.

அறுவடை முடிந்ததும் அண்டை வீட்டார் கூடிச் சோளக்கதிரின் மட்டையை உரிக்கும் கூட்டுவேலை நடக்கும். களத்தில் குவித்த கதிர்மலையின் அடியில் வீட்டுக்காரர் ஒரு சாடிச் சாராயத்தைப் புதைத்து வைப்பார். குவியல் தீர்ந்தால்தான் சாடி கைக்கு வரும். உரிக்கும்போது செந்நிறக் கதிர் கிடைத்த இளைஞனுக்குத் தான் விரும்பும் பெண்ணை முத்தமிட உரிமை உண்டு என்பது வழக்கு. பிறகு பிடிலும் பாஞ்சோவும் ஆட்டமும் தொடரும்.

விற்பனையிலும் ஒரு நாகரிகம் இருந்ததாகச் சொல்வார்கள். வாங்குபவர் குறிப்பிட்ட மரக்கட்டையின் மேல் காசை வைத்துவிட்டு விலகிப் போய்த் திரும்பி வந்தால், காசு இருந்த இடத்தில் சாடி இருக்கும். யார் வைத்தது என்று அவர் பார்க்கவில்லை. எனவே நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவும் அவரிடம் ஒன்றுமில்லை.

இவ்வளவையும் சொல்லி, தேவாலயத்தைச் சொல்லாமல் விட்டால் படம் முழுமையாகாது. அதே பள்ளத்தாக்கில் பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் போதகர்கள் குடிக்கு எதிராக முழங்கினார்கள். மது விற்பனைக்குத் தாங்களே தடை விதித்துக்கொண்ட கவுண்டிகள் (மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதிகள்) அப்பகுதியில் பல. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனோடு வாழ்ந்த பெண்களின் தரப்பு நாட்டுப்புறக் கதைகளில் அரிதாகவே வருகிறது.

பெண்கள் இத்தொழிலில் இருந்தார்களா?

இருந்தார்கள். மிகவும் பேசப்படுபவர் டென்னசியின் ஹான்காக் கவுண்டியில் நியூமன்ஸ் ரிட்ஜ் மலைமுகட்டில் வாழ்ந்து 1898இல் மறைந்த மஹாலா மலின்ஸ். மெலஞ்சன் என்னும் கலப்பினச் சமூகத்தைச் சேர்ந்த அவர் தம் மரவீட்டிலிருந்தே வெளிப்படையாகச் சாராயம் விற்றார். மிகப் பருத்த உடலாதலால் கைது செய்ய வந்தவர்களால் அவரை வாசல் வழியே வெளியே கொண்டுவரவோ மலையிலிருந்து இறக்கவோ முடியவில்லை என்றும், திரும்பிப் போன அலுவலர் ‘பிடிக்கலாம், கொண்டுவர முடியாது’ என்று அறிக்கை தந்தார் என்றும் கதை வழங்குகிறது.

மதுவிலக்கு இத்தொழிலை ஒழித்ததா, வளர்த்ததா?

வளர்த்தது, வளர்த்துக் கெடுத்தது. 1920 சனவரி முதல் 1933 டிசம்பர் வரை நாடு முழுவதும் மதுவிலக்கு நிலவியபோது நகரங்களின் தாகம் மலைகளின் பக்கம் திரும்பியது. முளைகட்டி ஊறவைக்கப் பொறுமை இல்லாதவர்கள் சோளத்தைக் குறைத்துச் சீனியைக் கொட்டினார்கள். வர்ஜீனியாவின் பிராங்ளின் கவுண்டியில் 1930 முதல் 1935 வரை இந்தத் தொழிலுக்காகப் போன சீனி 3 கோடியே 30 லட்சம் பவுண்டுக்கு மேல் என்று கணக்கு எடுக்கப்பட்டது. அங்கே 1935இல் நடந்த சதி வழக்கில், வடிப்பவரிடம் காவல் அலுவலர்களே மாமூல் வாங்கிக்கொண்டு பாதுகாப்புத் தந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பாட்டன் காலத்துச் செம்பு வாலையின் கதையோடு இதைச் சேர்த்துப் பாடுவது பொருந்தாது. இது முதலாளி, கூலி, லாரி, கையூட்டு என்று நடந்த ஆலைத்தொழில்.

மூன்ஷைன் குடித்தால் கண் போகுமா?

போகலாம், ஆனால் காரணத்தைப் பிரித்தறிய வேண்டும். மக்காச்சோள ஊறலில் மெத்தனால் மிகச் சிறிதளவே உண்டாகும். கொத்துக் கொத்தாக உயிர்களைப் பறித்தவை பெரும்பாலும் கலப்படங்கள். 1951 அக்டோபரில் அட்லாண்டா நகரில் ஏறத்தாழ 40 பேர் இறந்ததற்குக் காரணம், விற்றவர் சரக்கைப் பெருக்குவதற்குத் தொழிற்சாலை மெத்தனாலைச் சேர்த்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பின மக்கள். 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதும் அதே மெத்தனால்தான் என்பதால், தமிழ் வாசகர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு நஞ்சு ஈயம். அவசரக்காரர்கள் சுருள்குழாய்க்குப் பதிலாகப் பழைய லாரியின் ரேடியேட்டரைப் பொருத்தினார்கள். அதன் ஈயப் பற்று ஆவியில் கரைந்து சரக்கில் இறங்கி, குடித்தவரின் நரம்பையும் சிறுநீரகத்தையும் மெல்ல அழித்தது. சாராயத்தைக் கரண்டியில் ஊற்றிப் பற்றவைத்து, நீலச் சுடர் என்றால் நல்லது, சிவப்பென்றால் சாவு என்று சொல்லும் சோதனையை நம்பவே கூடாது. மெத்தனால் எரியும் சுடர் பகலில் கண்ணுக்கே தெரியாது.

கார்ப் பந்தயத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு உண்மையா?

உண்மை, ஆனால் சற்று ஊதிச் சொல்லப்பட்டது. காய்ச்சியதை நகரத்துக்குக் கொண்டுபோனவர்கள் 1939, 1940ஆம் ஆண்டு ஃபோர்டு கார்களின் எஞ்சினை முறுக்கேற்றி, பின்சக்கரத்துக்குக் கூடுதல் வில் பொருத்தினார்கள். சரக்கு ஏறியதும் வண்டி மட்டமாக நிற்கும், அலுவலருக்குச் சந்தேகம் வராது. வெறுமையாகத் திரும்பும்போது பின்புறம் தூக்கிக்கொண்டு நிற்கும் காரைப் பார்த்தவுடனே ஊராருக்கு விளங்கிவிடும். 1949 சூனில் சார்லட்டில் நாஸ்கார் என்னும் கார்ப் பந்தய அமைப்பு, மாற்றம் செய்யாத கார்களுக்கென நடத்திய முதல் ‘ஸ்டாக் கார்’ பந்தயத்தில் முதலாவதாக வந்த கிளென் டனவே, வண்டியின் பின்வில்லை இப்படி மாற்றியிருந்ததால் தகுதியிழந்தார். வட கரோலினாவின் வில்க்ஸ் கவுண்டியைச் சேர்ந்த ஜூனியர் ஜான்சன் 50 பந்தயங்களை வென்றவர். சாலையில் அவரை யாரும் துரத்திப் பிடித்ததில்லை, 1956இல் தந்தையின் வாலையருகே காரில்லாமல் நின்றபோதுதான் பிடித்தார்கள். ஏறத்தாழ 11 மாதம் சிறையிருந்த அவருக்குப் பின்னாளில் குடியரசுத் தலைவர் ரீகன் மன்னிப்பு வழங்கினார்.

கடைகளில் மூன்ஷைன் என்று விற்கிறார்களே, அது எப்படி?

வரி கட்டினால் விற்கலாம். வட கரோலினாவின் மேகி வேலி என்னும் ஊரில் பிறந்து, நீண்ட தாடியும் கிழிந்த தொப்பியுமாகக் கேமராவுக்கு முன் நின்று வாலையை இயக்கிக் காட்டிய பாப்கார்ன் சட்டன், 18 மாதச் சிறைத்தண்டனைக்குப் போகவேண்டிய நிலையில் 2009 மார்ச்சில் தம் உயிரைப் போக்கிக்கொண்டார். அதே ஆண்டு டென்னசி மாநிலம் கூடுதல் கவுண்டிகளில் வடிசாலைக்கு அனுமதி தந்தது. 2010இல் கேட்லின்பர்க் நகரில் உரிமம் பெற்ற மூன்ஷைன் ஆலை திறந்தது. இப்போது ஆப்பிள் சுவை, பீச் சுவை என்று வரிசையாக அடுக்கிய சாடிகளிலிருந்து சுற்றுலாப் பயணிகள் சிறு கோப்பையில் ருசி பார்க்கிறார்கள். அதை மூன்ஷைன் என்று அழைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். பழைய பொருளில் அது மூன்ஷைன் அன்று, அவ்வளவே.

வீட்டில் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சலாமா?

கூடாது. அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு 1978ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. வடிப்பதற்கு அப்படி விலக்கு தரப்படவில்லை. தடை செல்லாது என்று 2024இல் டெக்சாஸில் ஒரு கூட்டரசு நீதிபதி அளித்த தீர்ப்பும் அப்போது வழக்குத் தொடுத்தவர்களுக்கு மட்டுமே பொருந்தியது. சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும், மூடிய அறையில் தீக்கு அருகே கசியும் சாராய ஆவி வெடிக்கும்.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

பிராங்ளின் கவுண்டியின் ஃபெரம் கல்லூரியில் உள்ள புளூ ரிட்ஜ் நிறுவனம் அப்பகுதியின் நாட்டார் வழக்குகளைச் சேகரித்துக் காத்து வருகிறது. மஹாலா மலின்ஸின் மரவீடு மலைமுகட்டிலிருந்து வார்டி பள்ளத்தாக்குக்கு இறக்கிவைக்கப்பட்டு நிற்கிறது. ஜார்ஜியாவின் டாசன்வில்லில் ஒவ்வோர் அக்டோபரிலும் மூன்ஷைன் திருவிழா நடக்கும்.

டாசன்வில் வரை போகிறவர்கள் அங்குள்ள இடுகாட்டில் லாய்ட் சீயின் கல்லறையையும் பார்த்துவிட்டு வரலாம். சாராயம் கடத்திய கையாலேயே பந்தயக் கார் ஓட்டிய அந்த இளைஞர், 1941 செப்டம்பர் 1ஆம் தேதி அட்லாண்டாவின் லேக்வுட் ஓடுதளத்தில் வென்று, மறுநாள் காலை, காய்ச்சுவதற்கு வாங்கிய சீனியின் பாக்கி பற்றி எழுந்த சண்டையில் உறவினர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். நடுகல்லில் அவருடைய ஃபோர்டு காரைப் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஓட்டுநர் பக்கத்துச் சன்னலில், கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில், அவருடைய புகைப்படம் பதிக்கப்பட்டிருக்கிறது.